அடைக்கலத்தின் விலை

என் நண்பர் ஒருவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நல்லவர்; பிறர் துன்பம் கண்டு இரங்குகிறவர்; அதே சமயம், தாம் நம்பும் ஒழுக்க விதிகளில் ஒரு மயிரிழைகூட விட்டுக் கொடுக்காதவர். மாலை வேளையில் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் விபூதி மணக்க என் வீட்டுக்கு வருவார். காப்பி சாப்பிடுவோம். பேச்சு எங்கெங்கோ போகும். ஒருநாள் அது அமெரிக்காவுக்குப் போயிற்று.

நான் அப்போது அந்த நாட்டுக் கறுப்பின மக்களைப் பற்றிச் சில புத்தகங்கள் படித்துக்கொண்டிருந்தேன். அவற்றில் கண்ட ஒரு கணக்கு என் மனத்தை விட்டு அகலவில்லை. அமெரிக்க அரசாங்கத்தின் நோய்த் தடுப்பு நிலையம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கு அது. அப்போது பரவிய வேகத்திலேயே எச்.ஐ.வி. கிருமி பரவிக் கொண்டிருக்குமானால், ஆண்களை நேசிக்கும் கறுப்பின ஆண்களில் இரண்டு பேருக்கு ஒருவர் தம் ஆயுட்காலத்தில் அதற்கு ஆளாவார் என்று கண்டார்கள். அதே இயல்புடைய வெள்ளையரில் 11 பேருக்கு ஒருவர். நாட்டு மக்களை ஒட்டுமொத்தமாக எடுத்துக்கொண்டால் 99 பேருக்கு ஒருவர். இதை நண்பரிடம் சொன்னேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பயமும் வெட்கமும்தான் மனிதனைக் கட்டிக் காப்பவை. அவை போனால் இப்படித்தான் ஆகும். தெய்வ பக்தி உள்ளவனுக்கு இந்தக் கதி வருமா?" என்றார்.

"அவர்களில் எத்தனையோ பேர் தேவாலயத்துக்குள்ளேயே வளர்ந்தவர்கள். பேசத் தெரிவதற்கு முன்பே தோத்திரப் பாட்டுக் கேட்டவர்கள்" என்றேன்.

நண்பர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்படியானால் பக்தி போதவில்லை" என்றார்.

அன்று அவருக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. பிறகு யோசித்துப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். அவர் கேட்டது வெறும் அமெரிக்கச் சமாசாரம் அல்ல. வெட்கம் மனிதனைக் காக்கிறதா என்பதுதான் அவர் கேள்வி. அது தர்ம சாஸ்திரத்தின் ஆதாரக் கேள்விகளுள் ஒன்று.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை அகற்றிவிட வேண்டும். இத்தனை பேருக்கு நோய் வருகிறதென்றால் இவர்கள் மற்றவர்களைவிட நெறி தவறி நடக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆராய்ச்சிக்காரர்களுக்கும் தோன்றியது. கிரெகரி மில்லெட் என்பவரும் அவருடைய சகாக்களும் 2006ஆம் ஆண்டிலும், தொடர்ந்து 2007, 2012ஆம் ஆண்டுகளிலும், அதுவரை நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் ஒன்றாகத் திரட்டி வைத்துக்கொண்டு பார்த்தார்கள். கண்டது வேறு. கறுப்பின ஆண்கள் வெள்ளையரைவிட அதிகம் பேரோடு உறவு கொள்ளவில்லை. பாதுகாப்பை அவர்களைவிட அதிகமாக அலட்சியம் செய்யவும் இல்லை. போதைப் பழக்கமும் அவர்களைவிடக் கூடுதலாக இல்லை. நடத்தையில் சமமாக, சில விஷயங்களில் அதிக எச்சரிக்கையாகவே இருந்துங்கூட, நோய் மட்டும் அவர்களைப் பல மடங்கு தாக்கியது.

இது எப்படிச் சாத்தியம்? இரண்டு கிராமங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் குடிப்பதற்கு ஒரே குளம். ஒரு குளத்தில் காலராக் கிருமி கலந்திருக்கிறது, மற்றதில் இல்லை. முதல் ஊர்க்காரன் ஒரு கை அள்ளிக் குடித்தாலும் சாகிறான். இரண்டாவது ஊர்க்காரன் வயிறு முட்டக் குடித்தாலும் பிழைக்கிறான். குடித்த அளவை வைத்து யார் ஒழுங்கானவன் என்று தீர்ப்புச் சொல்ல முடியுமா? தாகம் இருவருக்கும் ஒன்றுதான். குளந்தான் வேறு.

கறுப்பின மக்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே துணை தேடிக்கொள்ளும்படி அந்த நாட்டின் வாழ்க்கை அமைந்திருக்கிறது. அந்தச் சிறு வட்டத்துக்குள் நோய் இருப்பதை அறியாதவர்களும், அறிந்தும் சிகிச்சைக்கு வராதவர்களும் அதிகம். அதனால் அங்கே ஒரே ஒரு கவனக் குறைவுகூட, வேறொருவனுக்கு ஒன்றும் செய்யாத அதே கவனக் குறைவு, ஒருவனைப் பிடித்துக்கொள்கிறது.

இனி, மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1981ஆம் ஆண்டு இந்த நோய் முதன்முதலில் மருத்துவ ஏடுகளில் பதிவானபோது அது மரண ஓலையாக இருந்தது. 1996 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவியது. நோயாளிகள் பிழைத்து நடமாடினார்கள். 2012ஆம் ஆண்டில், நோயில்லாதவன் நாள்தோறும் உட்கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளும் மாத்திரைக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. சிகிச்சையால் கிருமி ரத்தத்தில் தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டால், உறவின் மூலம் அது பிறரைப் பற்றாது என்பதும் நிரூபணமாகிவிட்டது. ஒருவருக்கு நோய் இருந்து மற்றவருக்கு இல்லாத 782 ஆண் ஜோடிகளை ஐரோப்பாவில் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். 2019இல் வெளிவந்த அந்த முடிவின்படி, சிகிச்சையில் இருந்த துணைவரிடமிருந்து மற்றவருக்குக் கிருமி சென்றது ஒருமுறைகூட இல்லை.

ஆகவே மருந்து இருக்கிறது. மனிதன் இருக்கிறான். இரண்டுக்கும் நடுவே ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரந்தான் நோய்.

அந்தத் தூரத்துக்கு வறுமை ஒரு காரணம். மருத்துவக் காப்பீடு இல்லாதது ஒரு காரணம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில்தான் புதிய நோயாளிகளில் சுமார் பாதிப் பேர் இருக்கிறார்கள். பழைய அடிமை முறையின் தாயகமும் அதுதான். சர்க்கார் மருத்துவத்தின் மேல் அவநம்பிக்கை இன்னொரு காரணம். அதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊரில், 1932 முதல் 1972 வரை நாற்பது ஆண்டுகள், மேகநோய் பற்றிய சுமார் 400 கறுப்பின ஏழைகளுக்குச் சிகிச்சை தருவதாகச் சொல்லிக்கொண்டே சிகிச்சை தராமல், நோய் முற்றும் விதத்தை அரசாங்க வைத்தியர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பெனிசிலின் தாராளமாகக் கிடைத்த பிறகும் கொடுக்கவில்லை. 1997இல் ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். அந்த மக்களை ஆராய்ச்சிக்குத் திரட்டிக் கொடுப்பதற்குத் தேவாலயங்களைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது அந்தக் கதையின் இன்னொரு கசப்பு.

இவையெல்லாம் பெரிய காரணங்கள். ஆனால் என் நண்பருடைய கேள்வி வெட்கத்தைப் பற்றியது. ஆகவே நான் தேவாலயத்தின் படியேற வேண்டியிருக்கிறது.

கறுப்பின மக்களின் தேவாலயத்தை நாம் சாதாரண வழிபாட்டு இடமாக நினைத்தால் விஷயம் விளங்காது. பிலடெல்பியா நகரில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து தொழுத ஒரு மெதடிஸ்ட் தேவாலயம் இருந்தது. ஒருநாள் பிரார்த்தனை நடந்துகொண்டிருக்கும்போதே, கறுப்பருக்கு ஒதுக்கப்படாத இடத்தில் மண்டியிட்டிருந்தார் என்று அப்ஸலோம் ஜோன்ஸ் என்பவரைப் பிடித்து எழுப்பினார்கள். ஜெபம் முடியட்டும் என்று அவர் கேட்டும் விடவில்லை. அவரும், ரிச்சர்ட் ஆலன் என்ற போதகரும், உடனிருந்த கறுப்பின மக்களும் வெளியேறினார்கள். 1794இல் ஆலன் தம் மக்களுக்கென்று தனித் தேவாலயம் எழுப்பினார். 1816இல் அது ஒரு தனிச் சபையாகவே வளர்ந்தது.

இப்படி, துரத்தப்பட்டவர்கள் கட்டிக்கொண்ட வீடு அது. உடம்புகூடத் தனக்குச் சொந்தமில்லாத அடிமைக்கு 'நான்' என்ற சொல்லைக் கற்றுக் கொடுத்த இடம். பள்ளிக்கூடம் அங்கேதான், பஞ்சாயத்து அங்கேதான், கைம்பெண்ணுக்கு உதவிப் பணம் அங்கேதான், உரிமைப் போராட்டத்துக்குக் கூட்டம் அங்கேதான். 1963 செப்டம்பரில் பர்மிங்ஹாம் நகரில் வெடிகுண்டு வைக்க நினைத்த வெறியர்கள், கறுப்பரின் தேவாலயத்தைத் தேடிப் போய் வைத்தார்கள். நான்கு சிறுமிகள் மாண்டார்கள். எதிரிக்கும் தெரிந்திருந்தது, அந்த மக்களின் உயிர் எங்கே இருக்கிறதென்று.

இந்த வீட்டில் ஒரு பையன் பிறக்கிறான். நல்ல குரல். ஆறு வயதில் பாட ஆரம்பிக்கிறான். பதினாறு வயதில் பாடகர் குழுவுக்கே அவன்தான் உயிர். அவன் பாடும்போது கிழவிகள் கண்ணீர் விடுகிறார்கள். எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். தன் மனம் பெண்ணை நாடவில்லை, ஆணை நாடுகிறது என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் தாய்க்குத் தெரியும். போதகருக்கும் தெரியும். கிழவிகளுக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை போதகர் பீடத்தில் நின்று, ஆணை நேசிக்கும் ஆண் நரகத்துக்குப் போவான் என்று முழங்குகிறார். பிரசங்கம் முடிந்ததும் பாட்டு. அந்தப் பையனே எழுந்து பாடுகிறான். சபை உருகுகிறது.

இவன் நான் கற்பித்துக்கொண்ட பாத்திரம். ஆனால் அந்தச் சபைகளை அறிந்தவர்களுக்கு இவன் அந்நியன் அல்லன். இங்கே எழுதாத ஓர் உடன்படிக்கை இருக்கிறது. 'நீ பாடலாம், பேசக் கூடாது. உன் குரல் எங்களுக்கு வேண்டும், நீ வேண்டாம்.' அடைக்கலத்துக்கு அவன் கொடுக்கும் விலை மௌனம்.

பெரிய மனிதர்களும் இந்த விலையைக் கொடுத்திருக்கிறார்கள். பேயார்ட் ரஸ்டின் என்பவரின் பெயர் நம் நாட்டில் பலருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டும். பாட்டியிடம் வளர்ந்து, குவேக்கர் சமயத்தின் அகிம்சையை அவரிடம் கற்றவர். 1948இல், காந்திஜி மறைந்த ஆண்டில், இந்தியாவுக்கு வந்து அவர் வழியைப் பயின்று சென்றவர். மார்ட்டின் லூதர் கிங்குக்கு அகிம்சைப் போரின் நுணுக்கங்களை எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர். 1960இல், தேவாலயப் போதகரும் காங்கிரஸ் அங்கத்தினருமான ஆடம் கிளேட்டன் பவல் என்ற கறுப்பினத் தலைவர், ரஸ்டினுடைய இயல்பைக் காட்டி, கிங்கையும் அவரையும் இணைத்து ஒரு பொய்க் கதை கிளப்பிவிடப் போவதாக மிரட்டினார். ரஸ்டின் ஒதுங்கிக்கொண்டார். 1963 ஆகஸ்ட் 28ஆம் தேதி இரண்டரை லட்சம் பேர் வாஷிங்டனில் கூடினார்களே, அந்தப் பேரணியை உணவுப் பொட்டலம் முதல் ஒலிபெருக்கி வரை திட்டமிட்டு நடத்தியவர் அவர்தான். ஆனாலும் அவர் பெயர் வரலாற்றின் ஓரத்திலேயே நின்றது. 2013இல், அவர் இறந்து இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகுதான், நாட்டின் உயர்ந்த விருது அவருக்குக் கொடுக்கப்பட்டது.

ஜேம்ஸ் பால்ட்வின் வேறு வழியில் போனார். நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் ஒரு போதகரின் வீட்டில் வளர்ந்து, பதினான்கு வயதில் தாமே பிரசங்க பீடம் ஏறினார். மூன்று ஆண்டுகள் பிரசங்கம் செய்துவிட்டு இறங்கினார். 1948இல் நாட்டை விட்டே பாரிசுக்குப் போனார். 1953இல் வந்த முதல் நாவலில் தாம் வளர்ந்த தேவாலயத்தையும், 1956இல் வந்த இரண்டாவது நாவலில் ஆணுக்கும் ஆணுக்கும் உள்ள காதலையும் எழுதினார். கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு ஒன்று விசேஷமாகப் படுகிறது. இரண்டாவது நாவலில் கறுப்பினப் பாத்திரமே கிடையாது. ஒரே மனிதனின் வாழ்க்கையில் இருந்த அந்த இரண்டு பாரங்களையும் அன்று ஒரே புத்தகத்தில் வைத்துத் தூக்க அவராலும் முடியவில்லை. அவர் தேவாலயத்தை விட்டார். தேவாலயம் அவரை விடவில்லை. அவருடைய வசனத்தைப் படித்தால், கடைசி வரையில் அதில் பிரசங்கத்தின் தாளம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பால்ட்வினுக்குப் பேனா இருந்தது, பாரிஸ் இருந்தது. பாடகர் குழுவில் இருக்கும் நம் பையனுக்கு என்ன இருக்கிறது? 'அந்தத் தேவாலயம் உன்னைத் திட்டுகிறதல்லவா? விட்டுவிட்டுப் போயேன்' என்று சொல்வது சுலபம். வெளியே அவனுக்காகக் காத்திருப்பது எந்த உலகம்? தோலின் நிறத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் உலகம். தேவாலயத்தில் அவன் கறுப்பனாக இருக்கலாம், தான் நேசிப்பதைச் சொல்ல முடியாது. வெளியே தான் நேசிப்பதைச் சொல்லலாம், கறுப்பனாக நிம்மதியாக இருக்க முடியாது. எந்தப் பக்கம் போனாலும் பாதி ஆளாகத்தான் போக வேண்டும்.

இந்தப் பாதி வாழ்க்கை நோய்க்கு எப்படி வழி செய்கிறது? இங்கேதான் என் நண்பரின் வாதத்தை நேருக்கு நேர் சந்திக்க வேண்டும்.

பாவம் என்று நம்புகிற ஒன்றை மனிதன் எப்படிச் செய்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். திட்டமிட்டுச் செய்ய மாட்டான். தன்னையறியாமல் தவறிவிட்டதாகவே செய்வான். தவறியதற்குப் பிராயச்சித்தம் உண்டு. அழுது மன்னிப்புக் கேட்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதிய மனிதனாகப் பாடலாம். ஆனால் முன்னதாகவே சட்டைப் பையில் ஆணுறை வாங்கி வைத்துக்கொள்கிறவன் தவறியவன் அல்லன், தவறத் துணிந்தவன். நாள்தோறும் காலையில் தடுப்பு மாத்திரை விழுங்குகிறவன், தான் யார் என்பதைத் தனக்குத்தானே நாள்தோறும் ஒப்புக்கொள்கிறான். வெட்கம் இதைத்தான் அனுமதிப்பதில்லை. அது செயலைத் தடுக்கவில்லை. செயலுக்கு முன் வேண்டிய யோசனையைத்தான் தடுக்கிறது.

ரத்தப் பரிசோதனைக்குப் போவதென்றால், காத்திருக்கும் இடத்தில் சபையைச் சேர்ந்த யாராவது பார்த்துவிட்டால்? வைத்தியரிடம் உண்மையைச் சொல்வதென்றால், அந்த உண்மையை அவன் இதுவரை வாயால் சொல்லியே பழகவில்லையே! நோய் என்று தெரிந்த பிறகும், அது கடவுள் கொடுத்த தண்டனை என்று காதில் விழுந்து கொண்டே இருந்தால், தண்டனைக்கு மருந்து சாப்பிடுவது எதற்கு என்று மனம் சோர்ந்துபோகாதா? மாத்திரைப் புட்டியை வீட்டில் எங்கே ஒளிப்பது? இப்படி ஒவ்வொன்றாக அந்தத் தூரம் நீளுகிறது. மௌனத்தில் செழித்து வளரும் பயிர்களில் கிருமியும் ஒன்று.

இதனால் எல்லாம் மதமே விஷம் என்று முடிவு கட்டிவிட்டால், அது என் நண்பர் சொன்னதற்கு நேர் எதிரான தவறாகும். இந்த மனிதர்களை உட்கார வைத்துப் பேசிப் பார்த்த ஆராய்ச்சிகள் இரண்டையும் சொல்கின்றன. தேவாலயத்தின் கண்டனம் அவர்களைத் தின்கிறது; கடவுளின் துணை அவர்களைத் தூக்கி நிறுத்துகிறது. நோய் என்று கேட்ட அன்று இரவு முழங்காலிட்டு அழுதுதான் அவர்கள் மறுநாளைச் சந்தித்திருக்கிறார்கள். 'சபை என்னை வெறுக்கலாம். என்னைப் படைத்தவன் என்னை வெறுக்கவில்லை' என்ற முடிவுக்கு வந்தவன் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறான், வாழ விரும்புகிறான். சமயத்தை இழந்து ஆன்மிகத்தை வைத்துக்கொண்டவர்கள் என்று இவர்களைச் சொல்லலாம். வீட்டை விட்டுத் துரத்தினாலும் தாயின் தாலாட்டை யாரால் பறிக்க முடியும்?

சில்வெஸ்டர் என்ற பாடகர் அப்படிப்பட்டவர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பெந்தெகொஸ்தே சபையில் சிறுவனாகப் பாடிப் பெயர் எடுத்தவர். அங்கே இருக்க முடியாமல் இளமையிலேயே வெளியேறினார். 1978இல் அவர் பாடிய நடனப் பாட்டு உலகமெல்லாம் ஒலித்தது. கேட்டால் அதிலும் தேவாலயக் குரல்தான் கேட்கும். 1988 டிசம்பரில், நாற்பத்தொன்றாவது வயதில் எய்ட்ஸ் நோயால் மாண்டார். ஓக்லண்ட் நகரத்துத் தேவாலயம் ஒன்று தன் கதவைத் திறந்து அவருக்கு இறுதி ஆராதனை நடத்தியது. தம் பாட்டுகளின் வருவாயை நோயாளிகளுக்குத் தொண்டு செய்யும் ஸ்தாபனங்களுக்கு எழுதி வைத்திருந்தார்.

கார்ல் பீன் என்பவரும் தோத்திரப் பாடகராக இருந்தவர்தான். 1982இல் லாஸ் ஏஞ்சலிஸில், எவரையும் ஒதுக்காத ஒரு சபையைத் தொடங்கினார். 1985இல், சிறுபான்மை இனத்து எய்ட்ஸ் நோயாளிகளுக்கென்று தொண்டு நிலையம் ஏற்படுத்தினார். ஹார்லம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த பெர்னெஸா சீல் என்ற அம்மையார் இன்னும் கூர்மையான ஒன்றைக் கண்டார். எய்ட்ஸ் வார்டில் கிடந்தவர்களைப் பார்க்கப் போதகர்கள் வரவில்லை. ஜெபம் கேட்டே வளர்ந்தவர்கள் ஜெபமில்லாமல் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மையார் சண்டைக்குப் போகவில்லை. கோட்பாட்டை மாற்றுங்கள் என்று கேட்கவில்லை. 'நோயாளிகளுக்காக ஒரு வாரம் பிரார்த்தனை செய்யுங்கள்' என்று மட்டும் கேட்டார். 1989இல் ஹார்லத்தின் தேவாலயங்களும் மசூதிகளும் அப்படியே செய்தன. எந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதென்று இருந்தார்களோ, அந்த வார்த்தை ஜெபத்தின் வழியாகப் பீடத்தில் ஏறியது. ஜெபம் செய்த இடத்தில் பிற்பாடு ரத்தப் பரிசோதனையும் நடக்க முடிந்தது.

இப்போது போதகரின் கட்சியையும் கேட்க வேண்டும். நேர்மையான போதகர் ஒருவர் சொல்லக்கூடும்: 'ஐயா, வேதத்தில் இருப்பதைத்தான் சொல்கிறேன். அதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. யாரோ மருந்து சாப்பிடாததற்கு நானா பொறுப்பு?'

இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, அதே வேதத்தைக் காட்டித்தான் அடிமைகளை எஜமானனுக்குக் கீழ்ப்படியச் சொன்னார்கள். கறுப்பின மக்கள் வேதத்தைத் தூக்கி எறியவில்லை. எஜமானன் படித்த விதத்தைத்தான் எறிந்தார்கள். எந்த வாசகத்தை இறுகப் பிடிப்பது, எதை அன்பின் வெளிச்சத்தில் வைத்துப் படிப்பது என்று அவர்களுக்கு யாரும் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் தமக்காகச் செய்ததை இப்போது தம் பிள்ளைக்காகச் செய்யலாம்.

இரண்டாவது பதில், அவருடைய நம்பிக்கையை மாற்றச் சொல்லாத பதில். அதற்கு நான் மறுபடியும் பிலடெல்பியாவுக்குப் போக வேண்டும்.

1793ஆம் ஆண்டு அந்த நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் பரவி, சுமார் ஐயாயிரம் பேரைக் கொண்டுபோயிற்று. வசதி உள்ளவர்கள் ஓடிவிட்டார்கள். கணவனை விட்டு மனைவியும், பிள்ளையை விட்டுத் தகப்பனும் ஓடினார்கள். கறுப்பருக்கு இந்த நோய் வராது என்று தவறாக நம்பிய பெஞ்சமின் ரஷ் என்ற பெரிய வைத்தியர், அவர்களை உதவிக்கு அழைத்தார். ரிச்சர்ட் ஆலனும் அப்ஸலோம் ஜோன்ஸும் தம் மக்களைத் திரட்டிக்கொண்டு போனார்கள். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார்கள். பிணங்களைச் சுமந்து புதைத்தார்கள். நோய் அவர்களையும் விடவில்லை, பலர் மாண்டார்கள். பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பதிப்பாளர் அவர்களில் சிலரைக் கொள்ளைக்காரர்கள் என்று எழுதியபோது, 1794இல் இருவரும் சேர்ந்து ஒரு சிறு நூல் எழுதி மறுத்தார்கள்.

யாருக்குப் பணிவிடை செய்தார்கள்? தொழுகையில் மண்டியிட்டிருந்தவரைப் பிடித்து எழுப்பினார்களே, அந்த இனத்தாருக்கு. படுக்கையில் கிடந்தவனிடம், 'நீ எப்படி வாழ்ந்தாய்? அடிமை வைத்திருந்தாயா?' என்று கேட்டுவிட்டா தண்ணீர் கொடுத்தார்கள்? அடிமை வைத்திருப்பது மகா பாவம் என்பதில் ஆலனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஆனாலும் தாகம் முதலில், தீர்ப்பு அப்புறம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சபையின் பிறப்பே ஒரு கொள்ளைநோயின் நடுவில், பிறர் ஓடிப்போன வீடுகளுக்குள் நுழைந்த கைகளோடு நிகழ்ந்தது. அந்நியனுக்குச் செய்ததைச் சொந்தப் பிள்ளைக்குச் செய்ய எந்தக் கோட்பாடு குறுக்கே வர முடியும்?

இதுதான் எனக்குப் பட்டது. ஒன்று பாவமா இல்லையா என்று மனிதர்கள் நெடுங்காலம் வாதாடலாம். ஆனால் அடைக்கலம் கொடுத்த வீடு, அதற்கு விலையாக ஒருவனுடைய மௌனத்தைக் கேட்குமானால், அந்த மௌனத்தால் வரும் சாவிலும் அதற்குப் பங்கு உண்டு. 'நான் கொல்லவில்லை' என்று அது சொல்லலாம். கதவைத் தாழிட்டவன் எல்லாரும் அப்படித்தான் சொல்லுகிறான்.

சில நாள் கழித்து நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, தமிழாசிரியர் அல்லவா, அவருக்குத் திருக்குறள் நினைவு வந்தது.

"வள்ளுவர் நாணுடைமை என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறாரே, அது வீணா?" என்றார்.

"வீணில்லை. அது தகாத செயலுக்கு நாணுவது. தனக்குள்ளிருந்து, செயலுக்கு முன்னால் வருவது. பொய் சொல்ல நாணுகிறோம், பிறர் பொருளை எடுக்க நாணுகிறோம். அந்தப் பையனுக்குக் கொடுத்தது அதுவா? அவன் எதையும் செய்வதற்கு முன்பே, அவன் இருப்பதற்காகவே, வெளியிலிருந்து அவன் தலையில் கவிழ்த்தது. அதற்குப் பெயர் நாணம் இல்லை, அவமானம்" என்றேன்.

அவர் வெகு நேரம் பேசவில்லை. நான் சொன்னதை ஒப்புக்கொண்டதாகவும் சொல்லவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொள்ளும்போதுதான் கேட்டார்:

"அந்தப் பையன் பாடி முடித்தானே, பிறகு எங்கே போய் உட்காருவான்?"

நான் யோசித்துப் பார்த்தேன். "தன் இடத்தில்தான், தாயின் பக்கத்தில்" என்றேன்.

"அவள் கேட்கலாமே" என்றார் நண்பர். "போதகர் கேட்காவிட்டால் போகிறது. வீட்டுக்குப் போகும் வழியில், 'டாக்டரிடம் போனாயா அப்பா?' என்று அவள் ஒரு வார்த்தை கேட்கலாமே!"

தெருவில் இறங்கி நடந்தார். பக்தியும் கண்டிப்பும் நிறைந்த அந்த மனிதர், முதல் நாள் சொன்ன 'பயமும் வெட்கமும்' எவ்வளவு தூரம் போகுமோ அதைவிட அதிக தூரம் அந்த ஒரு கேள்வியில் போய்விட்டதாக எனக்குத் தோன்றியது.